தாமதம் யாருடையது?

தேர்வு முடிவு வெளியாகும் நாள், காலை ஒன்பதரை மணி. பதிவெண்ணைக் கொடுத்துப் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரையில் வளையம் சுற்றத் தொடங்குகிறது, நிற்கவே இல்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து, வெள்ளைத் திரையின் நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு வரி வருகிறது: ‘504 கேட்வே டைம்-அவுட்’. அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் ஒரு பெயர்: ‘என்ஜின்எக்ஸ்’.

நீங்கள் கேட்டது தேர்வுத் துறையிடம். நடுவில் வந்து பதில் சொன்ன இந்த என்ஜின்எக்ஸ் யார்? அது ஏன் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுக் கையை விரித்தது? அதே நேரத்தில் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு முடிவு வந்துவிட்டதே, அது எப்படி?

தளத்தை நடத்துபவர்களைக் கேட்டால், “எங்கள் சர்வர் நன்றாகத்தான் ஓடியது, உங்கள் நெட்தான் மெதுவாக இருந்திருக்கும்” என்பார்கள். நெட் இணைப்பு தருபவரைக் கேட்டால், “எல்லாத் தளமும் வருகிறதே, அந்தத் தளம்தான் டவுன்” என்பார். இருவரில் யார் சொல்வது உண்மை?

இதற்குத் திட்டவட்டமான விடை உண்டு. அது ஒரு கோப்பில், ஒரே ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். எழுதும்படி யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் மட்டும்.

முகப்பில் நிற்கும் சர்வர்

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோகிறவர் நேராகப் பிரிவு எழுத்தரின் மேசைக்குப் போவதில்லை. தபால் பிரிவில் கொடுக்கிறார். அங்கே முத்திரை குத்தி, எண் போட்டு, யாரிடமிருந்து வந்தது, என்று வந்தது, எந்தப் பிரிவுக்குப் போகிறது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு உள்ளே அனுப்புகிறார்கள். பதிலும் அதே வழியாகத்தான் வெளியே வருகிறது. மனு எங்கே தேங்கியது என்ற கேள்வி எழுந்தால் முதலில் புரட்டப்படுவது அந்தப் பதிவேடுதான்.

பெரிய வலைத்தளங்களிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் தட்டச்சு செய்யும் முகவரியில் உங்களை எதிர்கொள்வது, விடையைத் தயாரிக்கும் கணினி அன்று. முன்னால் நிற்கும் வேறொரு சர்வர். துறையினர் இதை ‘ரிவர்ஸ் ப்ராக்ஸி’ என்பார்கள். நாம் முகப்புச் சர்வர் என்று வைத்துக்கொள்வோம். அது கோரிக்கையை வாங்கி, உள்ளே இருக்கும் பின்சர்வர்களில் ஒன்றுக்குக் கொடுத்து, விடையைப் பெற்று உங்களிடம் தருகிறது. பூட்டுக்குறி போட்ட பாதுகாப்பான இணைப்பைக் கையாள்வது, ஒரே பின்சர்வரில் கூட்டம் குவியாமல் பங்கிடுவது, அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களை நகலெடுத்து வைத்துக்கொள்வது ஆகியவையும் அதன் வேலைதான்.

என்ஜின்எக்ஸ் அப்படிப்பட்ட ஒரு மென்பொருள். ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் பணியாற்றிய இகோர் சிசோயெவ் 2002இல் எழுதத் தொடங்கி, 2004இல் பொதுவில் வெளியிட்டார். ஒரே கணினி ஒரே சமயத்தில் 10,000 இணைப்புகளைத் தாங்குமா என்பது அன்றைய பொறியாளர்களின் பெரிய கேள்வி. அதற்குப் பதிலாகப் பிறந்த மென்பொருள் இது. பிரெஞ்சுக்காரரான வில்லி டாரோ உருவாக்கிய ஹெச்.ஏ.ப்ராக்ஸியும், அப்பாச்சி சர்வரும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. இந்த அத்தியாயத்தில் என்ஜின்எக்ஸையே எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளின் பெயர்கள் மாறினாலும் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

உள்ளே போவதும் வெளியே வருவதும் இந்த ஓரிடத்தைக் கடந்தே ஆகவேண்டும். ஆகவே நடந்ததை எழுதிவைக்க இதைவிடத் தோதான இடம் இல்லை. அது எழுதும் கோப்புக்கு ‘அக்சஸ் லாக்’ என்று பெயர். நமக்கு அது அணுகல் பதிவேடு.

ஒரு வரியை வாசிப்போம்

இல்லாத ஒரு தேர்வு முடிவுத் தளத்தைக் கற்பனை செய்துகொள்வோம். எந்த மாற்றமும் செய்யாமல் நிறுவிய என்ஜின்எக்ஸ், நம் 504ஐப் பற்றி இப்படி எழுதியிருக்கும். அசலில் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். வாசிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன்.

203.0.113.45 - - [12/மே/2025:09:31:07 +0530] “கெட் /முடிவு?எண்=4417 எச்டிடிபி/1.1” 504 167 “-” “மொசில்லா/5.0 (ஆண்ட்ராய்டு…)”

முதலில் இருப்பது கேட்டவரின் இணைய முகவரி. 203.0.113 என்று தொடங்கும் முகவரிகள் நூல்களில் எடுத்துக்காட்டு தருவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. யாருடைய வீட்டு எண்ணும் அன்று.

அடுத்து இரண்டு சிறு கோடுகள். இரண்டாவது கோடு, கடவுச்சொல் கேட்டு உள்ளே விடும் தளமாக இருந்தால் பயனரின் பெயர் வரவேண்டிய இடம். முதல் கோட்டின் கதை வேறு. எதிர்முனைக் கணினியில் எந்தப் பயனர் உட்கார்ந்திருக்கிறார் என்று விசாரித்து எழுத ஒரு காலத்தில் வழி இருந்தது. அந்த வழக்கம் ஒழிந்து வெகுநாளாகிறது. என்ஜின்எக்ஸ் அந்த விசாரணையைச் செய்வதே இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் கோடு போடுகிறது. காரணம், இந்த வரியின் வடிவம் 1990களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ மையத்து வெப் சர்வரோடு பரவியது. அதை வாசிக்கும் கருவிகள் எங்கும் இருப்பதால் யாரும் கோட்டை எடுக்கத் துணியவில்லை.

பிறகு தேதியும் நேரமும். கடைசியிலுள்ள +0530 இந்திய நேரத்தைக் குறிக்கிறது. மேற்கோளுக்குள் இருப்பது கோரிக்கை. 504 என்பது நிலை எண். 2இல் தொடங்கினால் நல்லபடியாக முடிந்தது, 3 என்றால் வேறிடம் பார் அல்லது உன்னிடம் இருக்கும் நகலே போதும், 4 என்றால் கேட்டவர் பக்கம் கோளாறு, 5 என்றால் சர்வர் பக்கம் கோளாறு. 167 என்பது அனுப்பிய பக்கத்தின் எடை, பைட்டில். கடைசி இரண்டு மேற்கோள்களில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்பதும், எந்த பிரௌசரில் வந்தீர்கள் என்பதும் இருக்கும்.

தமிழ்த் தளம் நடத்துபவர்கள் இங்கே ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முகவரியில் தமிழ்ச் சொல் இருந்தால், பதிவேட்டில் அது சதவீதக் குறிகளின் நீண்ட வரிசையாகத் தெரியும். கணினிக்கு ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியோடு சேர்த்து மூன்று இடம் பிடிக்கும். ஆக மூன்றெழுத்துச் சொல், பதிவேட்டில் 45 இடத்தை அடைத்துக்கொள்கிறது.

அந்த வரி சொல்லாதது

மேலே உள்ள வரியை வைத்து நம் வழக்கைத் தீர்க்க முடியுமா? ஓரளவுதான். கோளாறு சர்வர் பக்கம் என்று 504 சொல்கிறது. ஆனால் எவ்வளவு நேரம் காத்திருந்தார், அந்த நேரம் எங்கே கழிந்தது என்பது வரியில் இல்லை. 09:31:07 என்ற நேரத்திலும் ஒரு பொடி இருக்கிறது. அது கோரிக்கை வந்த நேரம் அன்று. வேலை முடிந்து வரியை எழுதிய நேரம். அப்பாச்சி சர்வர் வந்த நேரத்தை எழுதும், என்ஜின்எக்ஸ் முடிந்த நேரத்தை எழுதும். இது தெரியாமல் இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒரு நிமிடம் இடிக்கும். ஏன் இடிக்கிறது என்று தெரியாமல் அரை நாள் போய்விடும்.

இங்கேதான் அமைப்புக் கோப்பு வருகிறது. வரியில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்பதை ‘லாக் ஃபார்மேட்’ என்ற கட்டளையில் நாமே எழுதலாம். அதை எந்தக் கோப்பில் எழுதுவது என்பதை ‘அக்சஸ் லாக்’ என்ற கட்டளை சொல்லும். வழக்கமான வரியின் முடிவில் இரண்டே இரண்டு எண்களைச் சேர்க்கச் சொல்வோம்.

ஒன்று, ‘ரெக்வஸ்ட் டைம்’. கேட்டவரின் முதல் பைட் வந்ததிலிருந்து, விடையின் கடைசி பைட்டை அனுப்பி வரியை எழுதும்வரை ஆன மொத்த நேரம். இரண்டு, ‘அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம்’. பின்சர்வர் விடை கொடுக்க எடுத்துக்கொண்ட நேரம். இரண்டும் வினாடியில் எழுதப்படும், ஆயிரத்தில் ஒரு பங்குவரை துல்லியமாக. இனி மொத்த நேரம், பின்நேரம் என்பேன்.

ஐந்து வரிகள், ஐந்து தீர்ப்புகள்

நம் கற்பனைத் தளத்தில், அந்தக் காலையில் விழுந்த ஐந்து வரிகளின் நிலை எண்ணையும் இந்த இரண்டு நேரங்களையும் மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

200, மொத்தம் 0.212, பின்நேரம் 0.209. இது அடுத்த வீட்டுப் பெண். கால் வினாடிக்குள் முடிவு வந்துவிட்டது. முகப்புச் சர்வர் தன் பங்குக்கு எடுத்தது 0.003 வினாடி.

504, மொத்தம் 60.001, பின்நேரம் 60.001. இது நீங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதால் முழு நேரமும் பின்சர்வரின் வாசலிலேயே கழிந்தது. உங்கள் நெட்டுக்கு இதில் பங்கே இல்லை. அந்த 60 எங்கிருந்து வந்தது? பின்சர்வர் 60 வினாடி பேசாமல் இருந்தால் கைவிட்டுவிடு என்பது என்ஜின்எக்ஸோடு வரும் இயல்பு அமைப்பு. யாரும் அதை மாற்றவில்லை. வரி விழுந்தது 09:31:07க்கு என்றால் நீங்கள் பொத்தானை அழுத்தியது 09:30:07க்கு. முடிவு வெளியான ஏழாவது வினாடியில், கூட்டத்தின் உச்சத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

200, மொத்தம் 48.730, பின்நேரம் 0.940. ஒரு பள்ளியில் அனைவரின் முடிவும் அடங்கிய 6 எம்.பி. பி.டி.எஃப் கோப்பை ஒருவர் இறக்குகிறார். பின்சர்வர் ஒரு வினாடிக்குள் கொடுத்துவிட்டது. மீதி ஏறக்குறைய 48 வினாடியும் விடை அவர் கைபேசிக்குப் போய்ச் சேர ஆன நேரம். இங்கே நெட்தான் மெதுவு. சர்வர்காரர் சொன்னது சரி. ஆனால் சின்னப் பக்கங்களில் இந்த வித்தியாசம் தெரியாது. சில கிலோபைட் விடையை என்ஜின்எக்ஸ் கணினியின் அனுப்பும் வரிசையில் போட்டதுமே தன் வேலை முடிந்ததாகக் கணக்கு வைத்துவிடும். அதற்குப் பிறகு வழியில் ஏற்படும் தாமதம் பதிவேட்டுக்கு வராது.

499, மொத்தம் 8.412, பின்நேரம் 8.412. இந்த 499 எந்த இணைய நெறிமுறையிலும் இல்லாத எண். விடை தயாராகும் முன்பே கேட்டவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார் என்பதைக் குறிக்க என்ஜின்எக்ஸ் தானே வைத்துக்கொண்டது. பொறுமை இழந்து ‘ரெஃப்ரெஷ்’ அழுத்தியவர்கள் இப்படித்தான் பதிவாகிறார்கள். அவர் போய்விட்ட சேதி தெரியாமல் பின்சர்வர் பழைய கோரிக்கைக்கான தேடலைத் தொடர்ந்துகொண்டிருக்கக்கூடும். அதற்குள் புதுக் கோரிக்கையும் வந்துவிடும். ஒருவர் ஐந்து முறை அழுத்தினால் ஐந்து பேர் செய்யும் சுமை. பதிவேட்டில் 499 பெருகத் தொடங்கிய சில வினாடிகளில் 504 பெருகுவதை முடிவு நாட்களில் எதிர்பார்க்கலாம்.

502, மொத்தம் 0.001, பின்நேரம் 0.001. பின்சர்வர் தாமதிக்கவில்லை, ஆளே இல்லை. தட்டிய கணமே இணைப்பு மறுக்கப்பட்டது. மென்பொருள் நின்றுபோயிருக்கிறது. திரையில் பார்ப்பவருக்கு 502, 504 இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சரிசெய்பவருக்கோ ஒன்று மீண்டும் கிளப்ப வேண்டிய வேலை, மற்றது தரவுத்தளத்தில் எங்கே இறுகுகிறது என்று தேட வேண்டிய வேலை.

ஆறாவதாக ஒரு விசித்திர வரியும் வரலாம்: 200, மொத்தம் 60.190, பின்நேரம் ‘60.001, 0.184’. பின்நேரத்தில் இரண்டு எண்கள். முதல் பின்சர்வர் ஒரு நிமிடம் பேசவில்லை. என்ஜின்எக்ஸ் அடுத்ததிடம் கொடுத்தது. அது உடனே பதில் சொல்லிவிட்டது. நிலை எண் 200 என்பதால் அறிக்கையில் இது வெற்றியாகவே எண்ணப்படும். ஒரு நிமிடம் காத்திருந்தவர் அதை வெற்றி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

சராசரியை நம்புவதும் இப்படித்தான் ஏமாற்றும். 99 பேருக்கு 0.2 வினாடி, ஒருவருக்கு 60 வினாடி என்றால் சராசரி 0.8 வினாடி. அந்த 0.8 வினாடியை நூறு பேரில் ஒருவர்கூட அனுபவிக்கவில்லை. அதனால் தேர்ந்த பொறியாளர்கள் சராசரியைக் கேட்பதில்லை. வரிகளை நேர வாரியாக அடுக்கி, நூற்றில் 99ஆவது ஆளும் கடைசி ஆளும் எவ்வளவு காத்திருந்தார்கள் என்று பார்க்கிறார்கள்.

எல்லோரும் ஒரே ஆளா?

பின்சர்வரும் தனக்கென ஒரு பதிவேடு வைத்திருக்கும். முகப்புச் சர்வரை நிறுவிய மறுநாள் அதைத் திறந்தால் ஒரு வேடிக்கை: லட்சம் வரிகளிலும் ஒரே முகவரி, 10.0.0.5. பின்சர்வரின் கண்ணுக்கு எல்லாக் கோரிக்கையும் முகப்புச் சர்வரிடமிருந்தே வருகிறது. உண்மையில் கேட்டவர் யார் என்பது அதற்குத் தெரியாது.

இதற்காக முகப்புச் சர்வர், கோரிக்கையை உள்ளே அனுப்பும்போது அதன் தலைப்பில் ஒரு குறிப்பைச் சேர்க்கிறது: ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’. இன்னாருக்காக அனுப்பப்பட்டது என்று பொருள். ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளை எழுதியவர்கள் தொடங்கிய வழக்கம் இது. முறையான தரமாக ‘ஃபார்வர்டட்’ என்ற தலைப்பு 2014இல் வந்தபோதும் பழைய வழக்கமே இன்னும் பரவலாக இருக்கிறது.

ஆனால் இந்தக் குறிப்பை யார் வேண்டுமானாலும் எழுதலாம். தாக்குதல் நடத்துபவர் தன் கோரிக்கையிலேயே யாரோ ஒருவரின் முகவரியை எழுதி அனுப்பினால், அதை அப்படியே நம்பும் பதிவேட்டில் அப்பாவி ஒருவர் குற்றவாளி ஆவார். எனவே எந்த முகவரியிலிருந்து வரும் குறிப்பை மட்டும் நம்பவேண்டும் என்று அமைப்புக் கோப்பில் பட்டியல் தரவேண்டும். நம் முகப்புச் சர்வரின் முகவரி அந்தப் பட்டியலில் இருந்தால் போதும். ‘எல்லாவற்றையும் நம்பு’ என்று எழுதுவது, எதையும் எழுதாமல் இருப்பதைவிட மோசம்.

முகவரி சரியாகவே பதிவானாலும் அது ஒரு மனிதர் என்று கொள்ளக்கூடாது. கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு நூறு கோரிக்கை வருகிறது என்று தடை போட்டால் ஊரில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

முகப்புப் பதிவேட்டின் வரியையும் பின்சர்வர் பதிவேட்டின் வரியையும் இணைக்க நல்ல வழி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் கொடுப்பது. என்ஜின்எக்ஸ் 32 குறிகள் கொண்ட அடையாளம் ஒன்றைத் தானே உருவாக்கித் தரும். அதை வரியிலும் எழுதி, தலைப்பில் சேர்த்து உள்ளேயும் அனுப்பிவிட்டால், ஒரு கோரிக்கையின் முழுப் பயணத்தையும் ஒரே தேடலில் பிடிக்கலாம்.

இன்னொரு பதிவேடு

அணுகல் பதிவேடு என்ன நடந்தது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதற்குப் பிழைப் பதிவேடு தனியாக இருக்கிறது. நம் 504க்கு அங்கே ஒரு வரி கிடைக்கும். தமிழில் சொன்னால்: ‘பின்சர்வரிடமிருந்து விடையின் தலைப்பை வாசிக்கும்போது நேரம் கடந்தது, எண் 110’. 502க்கு எண் 111, இணைப்பு மறுக்கப்பட்டது. இவை லினக்ஸ் இயங்குதளம் தன் பிழைகளுக்கு வைத்திருக்கும் எண்கள்.

பிழைப் பதிவேட்டுக்கு எட்டுப் படிகள் உண்டு. அடியில் ‘டீபக்’: சின்னச் சின்ன அசைவையும் எழுதும். உச்சியில் ‘எமர்ஜென்சி’: இனி ஓடவே முடியாது என்றால் மட்டும் எழுதும். 1980களில் எரிக் ஆல்மன் மின்னஞ்சல் மென்பொருள் ஒன்றுக்காக எழுதிய ‘சிஸ்லாக்’ முறையிலிருந்து பரவிய வரிசை இது. இயல்பில் ‘எரர்’ படி இருக்கும். அதற்கு ஒரு படி கீழே ‘வார்ன்’ வைத்தால், ஒரு விடை தாங்கல் நினைவகத்தில் அடங்காமல் வட்டுக்குப் போவது போன்ற முன்னறிகுறிகளும் தெரியவரும். டீபக் படியை ஆராயும்போது மட்டும் போட்டுவிட்டு உடனே எடுத்துவிட வேண்டும்.

எழுதுவதற்கும் செலவு

ஒரு வரி சுமார் 250 பைட் என்று வைப்போம். வினாடிக்கு 1,000 கோரிக்கை வந்தால் மணிக்கு 900 எம்.பி. நாளுக்கு 21.6 ஜி.பி. யாரும் பார்க்காமல் விட்டால் வட்டு நிரம்பும். வட்டு நிரம்பினால், தளத்தைக் காக்க வந்த பதிவேடே தளத்தைப் படுக்கவைத்துவிடும்.

அதனால் நாள்தோறும் பழைய கோப்பை ஒதுக்கிவைத்துப் புதுக் கோப்பு தொடங்குவார்கள். இதற்கு ‘லாக் ரொட்டேஷன்’ என்று பெயர். இங்கே புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. கோப்பின் பெயரை மாற்றினால் என்ஜின்எக்ஸ் புதுக் கோப்பில் எழுதும் என்று நினைப்பார்கள். எழுதாது. லினக்ஸில், திறந்த கோப்பை மென்பொருள் பெயரால் பிடித்துவைத்திருப்பதில்லை, கோப்பையே பிடித்துவைத்திருக்கிறது. பெயர் மாறினாலும் அதே கோப்பில்தான் எழுதிக்கொண்டிருக்கும். அழித்துவிட்டாலும் எழுதும்: பட்டியலில் கோப்பு தெரியாது, இடம் மட்டும் தீர்ந்துகொண்டே போகும். பெயரை மாற்றிய கையோடு, பதிவேடுகளை மூடித் திற என்று என்ஜின்எக்ஸுக்கு ஒரு சைகை அனுப்ப வேண்டும். ‘லாக்ரொட்டேட்’ கருவி ஒழுங்காக அமைந்திருந்தால் இதைத் தானே செய்யும்.

ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் வட்டில் எழுதாமல், 32 கிலோபைட் சேர்ந்ததும் அல்லது ஐந்து வினாடி ஆனதும் மொத்தமாக எழுது என்றும் சொல்லலாம். வட்டுக்குச் சுமை குறையும். ஆனால் கணினி திடீரென்று விழுந்தால் அந்தக் கடைசி வினாடிகளின் வரிகள் போய்விடும். ஏன் விழுந்தது என்று அறிய நமக்குத் தேவைப்படுவதும் பெரும்பாலும் அவைதாம். பின்சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று சில வினாடிக்கொரு முறை தட்டிப்பார்க்கும் சோதனைக் கோரிக்கைகளை எழுதாமல் விடுவது இதைவிட நல்ல சிக்கனம்.

எழுதக்கூடாதவை

நம் முதல் வரியை மறுபடி பாருங்கள். ‘/முடிவு?எண்=4417’. மாணவரின் பதிவெண் அப்படியே பதிவேட்டில் இருக்கிறது. பிறந்த தேதியும் முகவரியிலேயே போகும்படி தளத்தை எழுதியிருந்தால் அதுவும் இருந்திருக்கும். இந்தக் கோப்பைத் திறக்க முடிந்த எவரும் லட்சக்கணக்கான மாணவர்களின் முடிவுகளைப் பார்க்கலாம். தவறு பதிவேட்டினுடையது அன்று. தரவை முகவரியில் தொங்கவிட்டவருடையது. ‘போஸ்ட்’ முறையில் கோரிக்கையின் உடலுக்குள் வைத்து அனுப்பினால் வழக்கமான பதிவேட்டு வரியில் அது வராது.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. குறியாக்கம் ஆகும் முன்பே கடவுச்சொற்கள் உள்பதிவேடு ஒன்றில் வெளிப்படையாக எழுதப்பட்டு வந்ததை அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபேஸ்புக்கும் இதுபோன்ற ஒன்றை ஒப்புக்கொண்டது.

வரும் எழுத்துகளும் ஆபத்தானவை. பிரௌசரின் பெயர் என்று வருவது, முன்பின் தெரியாத ஒருவர் நம் கோப்பில் எழுத நாம் கொடுக்கும் இடம். உள்ளே ஒரு மேற்கோள் குறியையோ புது வரிக் குறியையோ வைத்துப் போலி வரிகளை உருவாக்கப் பார்ப்பார்கள். என்ஜின்எக்ஸ் அத்தகைய குறிகளை எண்களாக மாற்றித்தான் எழுதும். 2021 டிசம்பரில் உலகையே அலறவைத்த ‘லாக்4ஷெல்’ ஓட்டை இதன் உச்சம். ஜாவா மென்பொருட்களில் பதிவேடு எழுதும் லாக்4ஜே என்ற நூலகம், எழுத வந்த வாசகத்துக்குள் இருந்த குறிப்பைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டியது. பதிவேட்டில் ஒரு வரி எழுதவைத்தாலே கணினி கைமாறும் நிலை.

சட்டமும் இரண்டு பக்கமும் இழுக்கிறது. இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையில் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்திக்கொள்ளவும் சொல்கிறது. இரண்டு சர்வர்களின் கடிகாரம் இரண்டு நிமிடம் முன்பின் இருந்தால் எது முதலில் நடந்தது என்றே சொல்ல முடியாது என்பதால் இது நியாயமான கட்டளை. மறுபுறம், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய தரவைத் தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் இணைய முகவரிகூடத் தனிநபர் தரவாகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற வழி ஒன்றுதான்: தேவையானதை மட்டும் எழுது, உரிய காலம்வரை வை, பூட்டி வை, பிறகு அழி.

தளம் உங்கள் பொறுப்பில் இருந்தால்

பதிவேடு பின்னோக்கி எழுதாது. கோளாறு நடந்த பிறகு அமைப்பை மாற்றினால் அடுத்த கோளாறுக்குத்தான் உதவும். பள்ளித் தளமோ, கூட்டுறவுச் சங்கத்தின் தளமோ, அலுவலகத் தளமோ உங்கள் பொறுப்பில் இருந்தால், அதைப் பராமரிப்பவரிடம் நான்கு கேள்விகளை இன்றே கேளுங்கள். மொத்த நேரமும் பின்நேரமும் வரியில் இருக்கின்றனவா? கேட்டவரின் உண்மை முகவரி, நம்பத் தகுந்த வழியில் பதிவாகிறதா? கடவுச்சொல்லோ பிறந்த தேதியோ எங்காவது எழுதப்படுகிறதா? வட்டு எப்போது நிரம்பும், அதற்கு முன் யார் காலி செய்வார்?

நான்குக்கும் பதில் இருந்தால், அடுத்த முறை தளம் திணறும்போது யார்மேல் பழி என்று வாதாட வேண்டியிருக்காது. கோப்பைத் திறந்து வரியைக் காட்டினால் போதும்.